நியூயார்க்கில் கிடைத்த அறையும் பரோடாவில் மறுக்கப்பட்ட அறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்திலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் பேருந்தேறிப் படிக்கச் செல்லும் முதல் தலைமுறை மாணவர்களை நாம் அறிவோம். பட்டம் முடிக்கும் தறுவாயில் லண்டன், டப்ளின், மெல்போர்ன் என்று பல்கலைக்கழகங்களைத் தேடிப் பார்ப்பவர்களும் அவர்களுக்குள் உண்டு. கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக எழுவது, போன இடத்தில் எங்கே தங்குவது என்னும் கேள்வி. அது நமக்குப் புதியதன்று. மதுரையில் அறை தேடினாலும் சென்னையில் வீடு தேடினாலும் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்ற விசாரணையைக் கடந்த பிறகுதான் சாவி நம் கைக்கு வருகிறது. பல நேரங்களில் வருவதே இல்லை.

கடல் கடந்து படிக்கப் போன நம் மூதாதையர்களில் முதன்மையானவரான அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை, அவர் பெற்ற பட்டங்களின் வரிசையாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அவர் தங்கிய அறைகளின் வரிசையாக ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் அறை மும்பையின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பில் இருந்தது. ஒரே அறை. அடுப்பும் பாத்திரங்களும் புகையும் குடும்பத்தார் அனைவரும் அதற்குள்தான். தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால், மகன் படுக்க இடம் கிடைக்கட்டும் என்று தாம் பின்னிரவு வரை விழித்திருப்பார். இரண்டு மணி அளவில் மகனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் மகன் படிப்பார். பள்ளி நாட்களில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியில் தனியே அமர்ந்தவர், பியூன் வந்து ஊற்றினால் மட்டுமே தண்ணீர் குடிக்க முடிந்தவர், பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு பி.ஏ. தேர்வை எழுதி முடித்தார். 1913 பிப்ரவரி 2 அன்று தந்தை இறந்தார்.

அதே ஆண்டு, அமெரிக்காவுக்குச் சில மாணவர்களை அனுப்ப பரோடா அரசு முடிவு செய்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஜூன் 4 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அம்பேத்கர், ஜூலை மூன்றாம் வாரத்தில் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 22. மனைவி ரமாபாயும் குடும்பமும் மும்பையில் இருந்தனர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில்தான் முதலில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு வாரம்தான் தங்கினார். உணவு ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கச் சமையல் ஒத்துவராத எந்த மாணவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போனார். மேற்கு 114ஆம் தெருவில் 554ஆம் எண்ணிட்ட கட்டிடத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப் என்னும் மாணவர் இல்லம் இருந்தது. பின்னர் லிவிங்ஸ்டன் ஹால் விடுதிக்கு மாறினார். அங்கே அவருடைய அறைத்தோழராக அமைந்தவர் நவல் பதேனா என்னும் பார்சி மாணவர். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

இந்த இடமாற்றங்களை வரலாற்றாசிரியர்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். நமக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை. பிடிக்காத அறையை விட்டு வேறோர் அறைக்கு மாறுவது, அதுவும் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றைத் தேடுவது என்பது பிறருக்குச் சாதாரணமான காரியம். இருபத்திரண்டு ஆண்டுகளாக, எந்தக் கதவையும் தட்டுவதற்கு முன் அது திறக்குமா என்று கணக்கிட்டுப் பழகிய ஒருவருக்கு அது வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்த உரிமை. விடுதியின் உணவு மேசையில் எல்லோரும் அமரும் நாற்காலியில் அமர்ந்தார். குளியலறையைப் பயன்படுத்துவதற்கும் தண்ணீர்க் குவளையை எடுப்பதற்கும் எவருடைய இசைவையும் பெற வேண்டியிருக்கவில்லை. இதனாலேயே அந்த முதல் மாதங்களில் அவர் படிப்பில் அவ்வளவாகக் கவனம் செலுத்தவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நண்பர்களோடு விளையாடுவது, ஊர் சுற்றுவது என்று பொழுது கழிந்தது. பிறகு ஒருநாள் இரவு தம் குடும்பத்தையும் தம்மை அனுப்பியவர்களையும் எண்ணிப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பீடத்தில் நிற்கும் அம்பேத்கரைவிட, அந்நிய நகரத்தில் சில மாதங்கள் திளைத்துவிட்டுத் திரும்பி வந்த இந்த இளைஞர் நம் கல்லூரி மாணவர்களுக்கு நெருக்கமானவர் என்று நாம் கருதுகிறோம்.

அதன்பின் அவர் படித்த படிப்பு ஏறத்தாழ வெறி எனத்தக்கது. பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பட்டத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே பதிவு செய்துகொண்டார். கைக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். மீதியிலும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனது போக எஞ்சியதுதான் சாப்பாட்டுக்கு. ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களைச் சேர்த்தார் என்கிறார்கள். ஊருக்கு அனுப்பப்பட்ட அந்த நூல்களில் பல பின்னாளில் காணாமல் போயின.

இந்தப் பக்கத்தில் ரமாபாயின் கணக்கையும் எழுதியாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து வந்த பணம் மும்பைக் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்ததில்லை. கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வறுமையைச் சுமந்து குடும்பத்தை நடத்தியவர் அவரே. வெளிநாட்டுக் கல்வி என்னும் ஏணியின் அடிப்பகுதியைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கைகள். 1940இல் வெளிவந்த பாகிஸ்தான் குறித்த தம் நூலை அம்பேத்கர் ரமாபாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அவர் மறைந்து அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

விருந்தோம்பல் என்றவுடன் உணவும் படுக்கையும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை முழு மனிதராக நடத்துவதும் விருந்தோம்பல்தான். பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவ்வாறு நடத்தினார். மாணவர் லண்டன் சென்ற பின்னும் இருவருக்குமிடையே கடிதத் தொடர்பு இருந்தது. மாணவரின் ஆய்வேடு நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவரும் அவர்தான். ஜான் டூயியின் வகுப்புகள் அம்பேத்கரின் ஜனநாயகச் சிந்தனைக்கு அடித்தளமிட்டன. ஜேம்ஸ் ஷாட்வெல், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன் ஆகியோரிடமும் அவர் பயின்றார். பின்னாளில், 1930இல், தம் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்களில் சிலர் கொலம்பிய வகுப்புத் தோழர்களும் அப்பேராசிரியர்களும்தாம் என்று அவர் நினைவுகூர்ந்தார்.

1915 ஜூனில் பண்டைய இந்திய வணிகம் குறித்த ஆய்வேட்டுக்கு எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே 9 அன்று மானுடவியலர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் ஆய்வரங்கில் இந்தியாவில் சாதிகள் என்னும் கட்டுரையை வாசித்தார். அகமணமுறையே சாதியின் உயிர்நாடி என்றும், மேலிருந்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டதைக் கீழிருந்தவர்கள் பார்த்துப் பின்பற்றியதால் அமைப்பு பரவிற்று என்றும் அதில் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 25. சாதியைப் பற்றி இந்தியாவில் ஒரு கல்லூரி அரங்கில் நின்று, அதுவும் ஒரு மகார் இளைஞர், இப்படிப் பேசி அவை கேட்டிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். கட்டுரை அடுத்த ஆண்டு இண்டியன் ஆன்ட்டிகுவரி இதழில் வெளியாயிற்று. தன் வீட்டுக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்பதை ஆராய, கதவு திறந்திருந்த ஒரு வீட்டில் சில ஆண்டுகள் உட்கார வேண்டியிருந்தது.

அந்த வீடும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அம்பேத்கர் அமெரிக்கா சென்ற 1913ஆம் ஆண்டில்தான் வுட்ரோ வில்சனின் அரசு கூட்டரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்துவைக்கத் தொடங்கியது. கொலம்பியா வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஹார்லெம் இருந்தது. 1924இல் ஃபிரடெரிக் வெல்ஸ் என்னும் கறுப்பினச் சட்ட மாணவர் அதே பல்கலைக்கழகத்தின் ஃபர்னால்ட் ஹால் விடுதியில் தங்கியபோது, வளாகத்தில் சிலுவை கொளுத்தி அவர் மிரட்டப்பட்டார். அம்பேத்கரை வரவேற்ற விடுதி மேசை, அந்நாட்டின் சொந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அத்தனை இயல்பாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் தீண்டாமையைத் தன் வீட்டாருக்கென வைத்திருக்கிறது. தொலைவிலிருந்து வரும் விருந்தாளி அதற்கு வெளியே நிற்க நேர்கிறது. 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டுப் பெற முயன்றார். இந்த ஒற்றுமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அது போதும்.

1916இல் லண்டன். பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டப் பயிலகத்திலும் சேர்ந்தார். ஓராண்டுக்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதென்று பரோடா அரசு திரும்ப அழைத்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பொருளியல் பள்ளி அனுமதி தந்தது. உலகப் போர்க் காலம். அவர் ஏறிய கப்பல் 1917 ஆகஸ்டில் பத்திரமாகக் கரை சேர்ந்தது. அவருடைய நூல்களை ஏற்றிவந்த வேறொரு கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அந்த அதிகாரியை வரவேற்கப் பரோடா தொடர்வண்டி நிலையத்துக்கு எவரும் வரவில்லை. இந்து விடுதிகள் அவரைச் சேர்க்கா என்பது அவருக்குத் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற உணர்வையே மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்ததாகவும், அந்த நிலையத்தில் இறங்கிய கணத்தில் எங்கே போவது என்ற கேள்வி அதைத் திரும்பக் கொண்டுவந்ததாகவும் பின்னாளில் அவர் எழுதினார். பார்சிகளுக்கான ஒரு சத்திரத்தில், நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதி மாடியில் ஓர் அறையைப் பெற்றார். சுற்றிலும் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் அடைந்து கிடந்த இருண்ட கூடம். துணைக்கு வௌவால்கள். மின்விளக்கு கிடையாது. அலுவலகத்திலோ, கோப்புகளை அவர் மேசையில் தொலைவிலிருந்து எறிந்தார்கள்.

பதினோராம் நாள் காலை, தடிகளோடு பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வந்தனர். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் குற்றஞ்சாட்டி, மாலைக்குள் வெளியேறக் கெடு விதித்தனர். ஒரு வாரம் தவணை கேட்டார்; தரவில்லை. இந்து நண்பரிடம் போனார். நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். கிறித்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அந்த இணையர் பார்ப்பனராயிருந்து மதம் மாறியவர்கள். மும்பை வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை காமாத்தி பாக் என்னும் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பொருளியலில் முனைவர் ஆய்வை முடித்த ஒருவருக்கு, அவரைப் படிக்கவைத்த சமஸ்தானத்தின் தலைநகரில் எஞ்சியிருந்த இடம் ஒரு பொதுப் பூங்காவின் மரத்தடி.

நியூயார்க்கில் அவரோடு அறையைப் பகிர்ந்தவர் ஒரு பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். இதை வைத்து ஒரு சமூகத்தை நல்லதென்றோ கெட்டதென்றோ எடைபோடுவது பயனற்றது. பதேனா நல்லவராக இருந்தார், உண்மை. ஆனால் லிவிங்ஸ்டன் ஹாலில் அவர் நல்லவராக இருப்பதற்கு எவரும் விலை கேட்கவில்லை. பரோடாவின் இந்து நண்பரும் பேச்சில் நல்லவரே. ஒரு விருந்தாளிக்குக் கதவைத் திறந்தால் தம் வீட்டின் ஒழுங்கே குலையும் என்ற நிலையில் அந்த நன்மை வாசற்படியோடு நின்றுவிட்டது. சாதியை மனப்பான்மைக் கோளாறு என்று மட்டும் விளக்கி, நல்ல மனிதர்கள் பெருகினால் தீர்ந்துவிடும் என்று பேசுவோரிடம் இந்த இரண்டு அறைகளையும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை பேராசிரியராக இருந்து சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நவல் பதேனா கடனாகத் தந்த 5,000 ரூபாய் ஆகியவற்றோடு 1920 ஜூலையில் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார். இம்முறை கிடைத்த விருந்தோம்பல் வேறு வகை. அவர் தங்கிய விடுதியை நடத்திய பெண்மணி கடுமையானவர். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பை போவ்ரில் சாறு. இரவிலும் ஏறக்குறைய அவ்வளவே. நள்ளிரவுப் பசிக்கு, தெரிந்த குஜராத்தியர் ஒருவர் கொடுத்த அப்பளங்களைத் தகரத் தட்டில் பொரித்துத் தின்று, பால் குடித்துவிட்டு மேலும் படித்தார். உறங்கச் சொன்ன அறைத்தோழரிடம், தமக்குப் பணமும் இல்லை, காலமும் இல்லை என்று விளக்கினார். பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த நடந்தே போனார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம்தான் உண்மையில் அவருடைய வீடு.

கஞ்சத்தனமான அந்த விடுதிக்காரரை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். நமக்கோ அவர்மீது பெரிய கோபமில்லை. அவர் குறைத்துப் பரிமாறினார். ஆனால் சாதி கேட்டு வெளியேற்றவில்லை. 1921, 1922 ஆண்டுகளில் பிரிம்ரோஸ் ஹில் பகுதியில் கிங் ஹென்றீஸ் சாலையின் 10ஆம் எண் வீட்டில் அவர் வசித்தார். இன்று அது நினைவில்லம். 1921இல் எம்.எஸ்சி., 1922இல் பாரிஸ்டர், 1923இல் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு டி.எஸ்சி. என இத்தங்கலின் பலன்களை நாம் அனைவரும் அறிவோம்.

பின்னாளில் அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான 1942ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு நீண்ட மனு அளித்தார். கல்விக்கு ஆண்டுதோறும் 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து மாணவர்கள் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு மன்னரின் தனிப்பட்ட பரிவால் கிடைத்ததும், அவ்வரசு நினைத்த நாளில் நின்றுபோனதுமான ஒன்றை, அரசின் கடமையாக மாற்ற முயன்றார் அவர். 1954-55இல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது.

1952 ஜூன் 5 அன்று கௌரவச் சட்ட முனைவர் பட்டம் பெற அம்பேத்கர் மீண்டும் கொலம்பியாவுக்குச் சென்றார். டூயியைச் சந்திக்கும் ஆவலோடு புறப்பட்டவருக்கு, ஜூன் 1 அன்று அவர் நியூயார்க்கில் காலமான செய்தியே கிடைத்தது. தம் அறிவு வாழ்வு முழுவதற்கும் அவருக்கே கடன்பட்டிருப்பதாக மனைவி சவிதாவுக்கு எழுதினார்.

2022இல் ஒன்றிய அரசு தேசிய வெளிநாட்டு உதவித்தொகையின் விதிகளைத் திருத்தியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இனி அத்தொகை கிடையாது என்பது அத்திருத்தம். பண்டைய இந்திய வணிகம் பற்றி எழுதி எம்.ஏ. பெற்ற மாணவர், கோல்டன்வைசரின் அரங்கில் சாதியின் தோற்றத்தை ஆராய்ந்த மாணவர், அந்த விதியின்கீழ் விண்ணப்பித்திருந்தால் அவருடைய விண்ணப்பம் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். 2025இல் இத்திட்டத்துக்குத் தேர்வு பெற்றவர்கள் 106 பேர். முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. ஏனையோருக்கு நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது ஜூலை மாதம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. விசாவுக்கும் தங்கும் அறைக்கும் முன்பணம் கட்ட வேண்டிய வாரங்கள் அவை.